நான்காவது பம்ப்

அத்தியாயம் 9

செத்துப்போன பம்புகள் மூன்றையும் கராஜ் மெக்கானிக் றுஷ்தி பாஸ் பழைய செய்தித்தாள் ஒன்றின் மேல் வரிசையாகக் கிடத்தினார். நான்காவது, பொலிஸ் முற்றத்தில் நிற்கும் காரின் டாங்கிக்குள்ளேயே இருந்தது. அது வழக்குப் பொருள். சீல் வைத்தாயிற்று.

"மையத்து மூணும் ஒரே குடும்பம்போல ஈக்கு," என்றான் ஷாஹ்மி, பிணங்களைப் பார்ப்பதுபோலக் குனிந்து.

ஜீவராணி சிரிக்கவில்லை. கராஜின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு இருபது. பகல் ஒன்றரைக்கு நீதிமன்றம் கூடும். அதற்குள் ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். பதுளைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்து, ஸ்பிரிங்வெளியில் பழைய பங்களா ஒன்றை வாங்கிக் குடியிருந்தவர் ஸரூக் ஹாஜியார். எட்டு நாளைக்கு முன்னால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, கொழும்புக்குக் கிளம்பும் நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. டிரைவர் மருதவீரன் அவரைக் காரில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் ஜனம் வாய் பிளந்து பார்க்கும் ஜெர்மன் கார் அது. பங்களாவிலிருந்து இரண்டாவது வளைவிலேயே பெற்றோல் பம்ப் உயிரை விட்டது. எட்டு மாதத்தில் நான்காவது தடவை. அங்கே போனுக்கு சிக்னலும் இல்லை. கார் நின்றது, முக்கால் மணி நேரத்துக்குள் ஹாஜியாரும் நின்றுபோனார்.

யாரோ வேண்டுமென்றே பம்பைக் கெடுத்திருக்கிறார்கள் என்று மகன் ஆகில் பொலிசுக்குப் போனான். சாவி மருதவீரனிடம்; பழியும் மருதவீரனிடம். விளக்கமறியலில் போட்டார்கள். இன்று பொலிஸ் இதைக் கொலை வழக்காகப் பதியப் போகிறது. பதிந்துவிட்டால் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம், அது, இது என்று ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆள் உள்ளேதான்.

நேற்று மத்தியானம் மருதவீரனின் மனைவி ரெங்கம்மா, தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்களோடு ஜீவராணியின் அறைக்கு ஏறி வந்தாள். புடவைக் கடைக்கு மேல் உள்ள அந்த ஒற்றை அறையில், இருபத்தாறு வருஷம் பொலிசில் இருந்து ஓய்வுபெற்ற ஜீவராணி தனியார் விசாரணை நடத்திவந்தாள். ஷாஹ்மி அவளுடைய உதவியாளன். பதினெட்டு வருஷம் பதுளை–ஹப்புத்தளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ்ஸை விட்டாலும் வாயை விடவில்லை. இப்போது சொந்தமாக ஒரு த்ரீவீல் வைத்திருந்தான். இந்த மாகாணத்திலேயே த்ரீவீலில் போய்த் துப்பறிகிற ஆட்கள் தாங்கள் மட்டும்தான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அவரு யாருகிட்டயும் பேச மாட்டேங்கிறாரும்மா. லோயர் ஐயாவுக்குக்கூட வாயத் தொறக்கல. எனக்குப் புருசன் வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் ரெங்கம்மா.

"பாஸ், இந்த காருக்கு ஒரு பம்ப் எத்தன வருசம் ஓடணும்?" என்று கேட்டாள் ஜீவராணி.

"பத்து வருஷம் சும்மா ஓடும் மிஸ். காரோட வந்தது ஏழு வருஷம் ஓடின. போன ஒக்டோபர்ல செத்திச்சி. அதுக்குப் பொறகு நான் போட்டது ஒண்ணும் நாலு மாசம் காணல்ல. டிசம்பர்ல ஒண்ணு, பெப்ரவரில ஒண்ணு. எல்லாம் கம்பெனிச் சாமான் மிஸ். என்ட பிள்ளைங்க மேல சத்தியம்."

"பிள்ளைங்கள விடுங்க. பம்ப் எப்படிச் சாகுது?"

றுஷ்தி ஒரு பம்பைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியில் இருந்த சிறிய வலையைக் காட்டினார். "பம்ப் டாங்கிக்குள்ள பெற்றோல்ல முங்கிக்கிட்டு ஈக்கும். இந்த வலை வழியாத்தான் குடிக்கும். அதைக் குளிராக்கிறதும் பெற்றோல்தான். வலை அடைச்சா குடிக்க ஒண்ணுமில்ல. சும்மா சுத்திச் சுத்திக் கருகிடும்."

"எங்கட பஸ் டிரைவர் மாதிரி," என்றான் ஷாஹ்மி. "பிளேன்டீ கிடைக்கல்லன்னா பண்டாரவளைக்கு மேல ஏற மாட்டான்."

வலையில் அப்பியிருந்தது வெளிறிய மஞ்சள் சேறு. மூன்று வலையிலும் ஒரே சேறு.

"தண்ணி கலந்த பெற்றோல்னு நெனச்சேன். அதே பெற்றோல் ஷெட்ல அடிக்கிற மத்தக் காருக்கு ஒண்ணுமில்ல. பொறகு டாங்கிய இறக்கிக் கழுவியும் பாத்தேன். திரும்ப வந்திச்சி." றுஷ்தி குரலைத் தாழ்த்தினார். "யாரோ என்னமோ ஊத்துறாங்கன்னு பொலிசுக்குச் சொன்னது நான்தான் மிஸ். மருதவீரன்ட பேர நான் சொல்லல்ல. ஆனா சொன்னதும் ஒண்ணு, சொல்லாததும் ஒண்ணுன்னு ஆயிட்டு."

ஜீவராணி தன் கொண்டை ஊசியால் சேற்றைச் சுரண்டி ஒரு தகர மூடியில் வழித்தாள். அதை த்ரீவீலின் முன் கண்ணாடிக்கு அடியில், வெயில் படும் இடத்தில் வைத்தாள்.

"பெற்றோல் பறந்து போயிரும். மிச்சம் என்ன நிக்குதுன்னு பாப்போம்."

"நான் இனி சிகரட் பத்தக்கூடாது. அப்படித்தானே மிஸ்?"

"பத்து. ரெண்டு பேருக்கும் சாவுச் செலவு ஒண்ணாப் போயிரும்."

ரெங்கம்மா கொடுத்துவிட்டுப் போன ஒரு கொப்பி ஜீவராணியின் பையில் இருந்தது. கார் எங்கெங்கே போனது என்று மருதவீரன் தினமும் எழுதி வைத்த கொப்பி. தேதிகளை றுஷ்தியின் கலண்டரோடு வைத்துப் பார்த்தாள். ஹாஜியார் மாதம் ஒரு தடவை கொழும்புக்குப் போவார். செப்டெம்பர், ஒக்டோபர் என்று இரண்டு பயணம். முதல் பம்ப் சாவு. நவம்பர், டிசம்பர், இரண்டாவது. ஜனவரி, பெப்ரவரி, மூன்றாவது. மார்ச் முழுக்க நோன்பு. ஹாஜியார் கொழும்புக்குப் போகவில்லை. கார் பதுளைக்கும் ஸ்பிரிங்வெளிக்கும் தினமும் ஓடியும் பம்ப் முனகக்கூட இல்லை. ஏப்ரலில் ஒரு பயணம். மே மாதப் பயணத்துக்குக் கிளம்பிய காலையில்தான் நான்காவது.

"பதுளைல தெனம் ஓடுனா ஒண்ணுமில்ல. கொழும்புன்னா மட்டும் சாவுது," என்றாள் ஜீவராணி.

ஷாஹ்மி தொடையைத் தட்டினான். "அப்ப வழில எங்கயோ கெட்ட பெற்றோல் அடிக்கிறான். ஹல்துமுல்லைல எனக்கு ஆள் ஈக்கு."

ஆள் என்பது மொஹிதீன் நானா. ஹல்துமுல்லையில் ரோட்டோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பக்கத்திலேயே பெற்றோல் ஷெட். ஷாஹ்மி போன் போட்டு, ஜீவராணியும் கேட்க ஸ்பீக்கரில் விட்டான்.

"ஸரூக் ஹாஜியார்ட காரா? அது ஒரு நாளும் ஷெட் பக்கம் திரும்பினதில்ல தம்பி. எங்கட கடைல நிக்கும். ஹாஜியார் இஞ்சித் தேத்தண்ணி குடிப்பார். டிரைவர் குடிக்க மாட்டான். ஒரு சரம் பூவை எடுத்துக்கிட்டு கீழ வளைவுக்குப் போவான். போன ஆகஸ்ட்ல அவன்ட மச்சான்காரன் லொறியோட உருண்ட இடம் அது. பொஞ்சாதிட தம்பி. பொஞ்சாதி குடுத்து விட்ட பூவாம். ஹாஜியார் அவன் வாற வரைக்கும் ஒண்ணும் பேசாம உக்காந்திருப்பார். நல்ல மனுசன். அல்லாஹ் அவருக்கு மன்னிப்புக் குடுக்கட்டும்."

போனை வைத்ததும் ஷாஹ்மியின் முகம் விழுந்துவிட்டது. தடயம் என்று ஓடினால் பூச்சரத்தில் போய் முட்டியது.

"ஷெட்டும் போச்சு. நேரமும் போச்சு," என்றான்.

"ரெண்டும் போகல. வண்டிய எடு. பங்களாவுக்கு."

ஸ்பிரிங்வெளி ரோட்டில் த்ரீவீல் முக்கி முக்கி ஏறியது. தொழிற்சாலைக்கு மேலே, கார் நின்ற அந்த வளைவு வந்தபோது ஷாஹ்மி வேகத்தைக் குறைத்தான். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். ரோட்டில் எண்ணெய்க் கறை ஒன்று இன்னும் இருந்தது. மருதவீரன் ஹாஜியாரை முதுகில் சுமந்துகொண்டு இந்த வளைவிலிருந்து தொழிற்சாலை வரை ஓடியிருக்கிறான். ஹாஜியார் நல்ல கனத்த ஆள். மருதவீரனுக்கு ஐம்பது வயது. அதை நினைக்கவே ஷாஹ்மிக்கு நெஞ்சு வலித்தது. வலிப்பதை மறைக்க ஒரு பகிடி விடலாம் என்று பார்த்தான், ஒன்றும் வரவில்லை.

பங்களாவில் ஆகில் வெளி விறாந்தையிலேயே அவர்களை நிறுத்திவிட்டான். முப்பது வயது. சவரம் செய்யாத முகம். தாய் ஸைனப், கணவன் இறந்தபின் பெண்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் உள்ளே இருந்தார்; வெளியார் கண்ணில் படுவதில்லை.

"நீங்க அவனுக்கா வேலை பாக்கிறீங்க?"

"அவரு பொஞ்சாதிக்கு. மறைக்கல தம்பி. நீங்க போகச் சொன்னா போயிருவேன்."

ஆகில் போகச் சொல்லவில்லை. சொல்ல ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தவன்போலப் பேசினான். "வாப்பாக்கு வலிச்சது அஞ்சரைக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேத்தது ஏழு மணிக்கு. அதுவும் தோட்டத்து லொறில. டொக்டர் என்ன சொன்னார் தெரியுமா? நாப்பது நிமிஷம் முந்தி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு. நாப்பது நிமிஷம். முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினானாம். ஊரெல்லாம் அதத்தான் பேசுது. யார் கேட்டா அவன ஓடச் சொல்லி? காரை ஒழுங்கா வச்சிருந்தா போதும்."

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. பொய்க்கு அழுகிறவன் வேறு மாதிரி அழுவான். கண்டக்டர் வேலையில் காசு தொலைந்த கதை எத்தனையோ கேட்டவன் ஷாஹ்மி. இவன் வாப்பாவைக் கொன்றவன் இல்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

"பதினாலு வருசம் ஓட்டினவரு. அவருக்கு என்ன வன்மம்?" என்றாள் ஜீவராணி.

"அவன்ட மச்சான் மவுத்தானதும், ஆகஸ்ட்ல, கார் பம்பர்ல சந்தனப் பொட்டு. டயருக்கடியில தேசிக்காய். வாப்பா கோவிக்கல்ல. நான் பக்கத்துல நின்டேன். 'மருதவீரன், உங்கட நம்பிக்கை உங்களுக்கு. எங்கட காருக்கு வேணாம், துடைச்சிருங்க'ன்னுதான் செல்லினார். அவனும் ஒண்ணும் செல்லாம துடைச்சான். அதுக்குப் பொறகுதான் பம்ப் சாகத் தொடங்கினது. மனசுல வச்சிருக்கான்."

"பொட்டு வச்சது அவருதானா?"

"வேற யாரு?"

"கார் எங்க கழுவுவாரு?"

ஆகில் பங்களாவின் பின்பக்கம் கையைக் காட்டினான். கராஜுக்குக் கீழே பத்துப் படி. அதற்கப்பால் லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. "கொழும்பு போற மொத நாள் பின்னேரம் கழுவுவான். கதவெல்லாம் திறந்து வச்சிக்கிட்டு."

"கதவு தொறந்திருந்தா பெற்றோல் மூடி?"

"அதுவும் திறக்கும். தள்ளினா போதும்." ஆகில் அவளையே பார்த்தான். "என்னத்துக்கு கேக்கிறீங்க?"

"ஒன்றரைக்கு கோர்ட்டுக்கு வாங்க தம்பி. நான் சொல்றது பிழைன்னா அங்கயே என்னை ஏசுங்க."

த்ரீவீலுக்கு வந்ததும் ஜீவராணி தகர மூடியைக் கையில் எடுத்தாள். சேறு காய்ந்து வெளிறிய பொடியாக நின்றது. அதன் நடுவே கருத்துப்போன ஒரு சின்னக் காம்பு.

"கஸ்டட் பவுடரா?" என்றான் ஷாஹ்மி. "டாங்கிக்குள்ள மரம் வேற வளத்திருக்கான்."

"மோந்து பாரு."

"பெற்றோல் மணம்தான் வருது."

"ஒனக்கு அப்படித்தான் இருக்கும். நான் லயத்துல பொறந்தவ." அவள் பொடியை இரண்டு விரலால் தேய்த்தாள். "சந்தனம், மஞ்சள், திருநீறு. வழவழன்னு ஒட்டுறது பால். காம்பு துளசி. இது மாரியம்மன் கோயில் தீர்த்தம் ஷாஹ்மி. தண்ணியும் பாலும் பெற்றோலோட சேராது. டாங்கிக்கு அடியில போய் நிக்கும். அடியிலதான் பம்ப் இருக்கு."

ஷாஹ்மி சாவியைத் திருப்பப் போன கையை எடுத்துவிட்டான்.

"காரை வெறுத்த கை இதச் செய்யல. கொழும்பு ரோட்டைப் பாத்துப் பயந்த கை. அந்த ரோட்டுல ஏற்கெனவே ஒரு ஆள பறிகொடுத்த கை. வெளிய பொட்டு வைக்காதேன்னு ஹாஜியார் சொல்லிட்டாரு. சொன்ன சொல்லையும் தட்டக்கூடாது, சாமியையும் விடக்கூடாது. அப்ப எங்க வைக்கும்? யாரு கண்ணுலயும் படாத எடத்துல."

"மிஸ், அப்ப எங்களைக் கூப்பிட்ட ஆளே…"

"ஆமா."

ஷாஹ்மி தலையைத் தடவினான். "ஷெட்காரன்ட தலைல போட்டுருவோம் மிஸ். கெட்ட பெற்றோல்னு. ஒரு ஷெட் என்னத்துக்கு ஈக்கு?"

"ஷெட்டுக்காரனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. அதோட, மத்தக் காருக்கு ஏன் ஆகலன்னு பொலிஸ் கேட்டா என்ன சொல்லுவ? இந்த மூடிய மட்டும் நீட்டுனா, அதையும் மருதவீரன்தான் ஊத்துனான்னு எழுதுவாங்க. ஊத்துன கை வந்து சொன்னாத்தான் அந்த ஆளு வெளிய வருவான்." அவள் மணியைப் பார்த்தாள். பதினொன்று பத்து. "வண்டிய எடு."

ரெங்கம்மாவின் வீடு லயத்தில் ஆறாவது காம்பரா, ஒரே ஒரு அறை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் புருஷனுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"கெடச்சிருச்சாம்மா?"

ஜீவராணி உட்காரவில்லை. "ரெங்கம்மா, கோயில் தீர்த்தம் கடைசியா எப்ப வாங்குனீங்க?"

"அவரு கொழும்பு போற மொத நாளும்மா. எப்பவும் அன்னைக்குத்தான் வாங்குவேன். பூசாரி ஒரு சோடாப் போத்தல்ல ஊத்திக் குடுப்பாரு."

"வாங்கி என்ன செய்வீங்க?"

ரெங்கம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். ஷாஹ்மியைப் பார்த்து ஒரு சங்கடச் சிரிப்பு வேறு. "நானா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. வண்டியில பொட்டு வேணாம்னு ஹாஜியாரு சொல்லிட்டாரு. நியாயந்தானே, அவுங்க சாமி வேற. அதான் வெளிய தெரியாம உள்ளுக்குக் குடுத்தேன். மேலுக்கு முடியாதவங்களுக்கு வாயில தீர்த்தம் ஊத்துறது இல்லையா, அந்த மாதிரி. இவரு தண்ணி எடுக்கப் போற நேரம் பாத்து ஊத்திட்டு வந்துருவேன். மொதல்ல ஒரு மூடிதான். பம்பு பழுதானதும் வண்டிக்கும் கண்ணு பட்டிருச்சுன்னு முழுப் போத்தலையும் ஊத்த ஆரம்பிச்சேன்."

ஷாஹ்மி வெளியே வந்து நின்றுகொண்டான். ஆனால் லயத்துச் சுவர் என்ன சுவர்? ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அன்னைக்கும் ஊத்துனேம்மா," என்றாள் ரெங்கம்மா. "பாதிதான் ஊத்துனேன், அதுக்குள்ள இவரு வந்துட்டாரு. அந்தத் தீர்த்தந்தான் வண்டிய நிப்பாட்டுச்சு. இல்லாட்டி என் தம்பி மாதிரி ரெண்டு பேரும் பள்ளத்துல போயிருப்பாங்க. ஹாஜியாரு விதி, நெஞ்சு வலியில போயிட்டாரு. இவரையாவது ஆத்தா காப்பாத்துனா."

"ஆமா ரெங்கம்மா," என்றாள் ஜீவராணி. "வண்டி நின்னது தீர்த்தத்தாலதான்."

ரெங்கம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே ஜீவராணியின் முகத்தைப் பார்த்தாள். ஆட்டம் மெல்ல நின்றது. ஜீவராணி தகர மூடியை நீட்டி, டாங்கி, வலை, தண்ணீர் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைப்பது இரக்கம் என்று நினைக்கிற ஆள் இல்லை அவள்.

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையும்."

"அப்ப ஹாஜியாரு…" நிறுத்தினாள். "வண்டி ஓடியிருந்தா பொழச்சிருப்பாராம்மா?"

வெளியே நின்ற ஷாஹ்மி கண்ணை இறுக மூடிக்கொண்டான். இல்லை என்று சொல்லுங்க மிஸ், ஒரே ஒரு பொய், நோன்பு வைத்துக் கழித்துவிடலாம் என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

"யாருக்கும் தெரியாது," என்றாள் ஜீவராணி. பிறகு, "பொழச்சிருக்கலாம்."

ரெங்கம்மா அழவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, பாதி தீர்த்தம் மிச்சமிருந்த சோடாப் போத்தலை எடுத்தாள். கட்டியிருந்த சோற்றுப் பொட்டலத்தை இடது கையில் எடுத்தாள். வேறு சேலை மாற்றட்டுமா என்று கேட்டாள். நேரமில்லை என்றாள் ஜீவராணி. அப்படியே வந்து த்ரீவீலில் ஏறினாள். பதுளை வரும்வரை போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூடியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஒன்று பத்துக்கு நீதிமன்ற விறாந்தையில் பொலிஸ் பொறுப்பதிகாரி ரெங்கம்மாவின் வாக்குமூலத்தை எழுதி எடுத்தார். ஜீவராணியிடம் ஒரு காலத்தில் வேலை பழகியவர். தகர மூடியையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். "மிஸ், இது கொலை இல்லை," என்றார் சிங்களத்தில். தான் தட்டெழுத்தில் கொண்டுவந்திருந்த அறிக்கையைக் கோப்பிலிருந்து உருவி வெளியே எடுத்தார். மருதவீரனின் பிணைக்குப் பொலிஸ் தடை சொல்லாது. ரெங்கம்மாவின் விஷயத்தை என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்க வேண்டும்.

ஆகில் தூணில் சாய்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான். ரெங்கம்மா அவன் பக்கம் கை கூப்பினாள். அவன் கோபப்படப் பார்த்தான். எட்டு நாள் சுமந்த கோபத்தை இறக்க இடம் தேடினான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"வாப்பா அந்தப் பொட்டை வைக்க விட்டிருந்தா…"

செருப்பைச் சரியாக மாட்டாமலேயே படியிறங்கிப் போனான்.

சிறைச்சாலை பஸ் வந்தது. கை விலங்கோடு இறங்கிய மருதவீரன், மனைவியைக் கண்டான். விறாந்தை மேசை மேல் இருந்த சோடாப் போத்தலைக் கண்டான். அவன் நடை அங்கேயே நின்றுவிட்டது. சிறைக் காவலர் தோளைத் தட்டிய பிறகுதான் விறாந்தைக்கு ஏறினான். தன் பக்கத்தில் வந்த ஜீவராணியிடம், எட்டு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"நீங்க யாரும்மா?"

"ரெங்கம்மா கூப்பிட்ட ஆளு. ஒங்களுக்கு இன்னைக்குப் பிணை கிடைச்சிரும்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா," என்றான் மருதவீரன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வண்டி நின்னதும் பெற்றோல் மூடியத் தொறந்தேன். ஓரத்துல மஞ்சள் அப்பியிருந்துச்சு. துளசி எலை ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. துடைச்சுப் போட்டுட்டுத்தான் ஹாஜியார தூக்குனேன்."

ஜீவராணி மேசை மேல் இருந்த போத்தலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். கொலைக் கேசுன்னாலும் என்ன, உள்ள போட்டா ஒரு நாள் வெளிய வந்துருவேன். இது அவ மனசுக்குள்ள போயிருச்சுன்னா எப்பம்மா வெளிய வரும்?"

அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

இரண்டரைக்குப் பிணை கிடைத்தது. கையெழுத்து, ஆள் பிணை எல்லாம் முடிந்து மருதவீரன் வெளியே வர நாலு மணியாயிற்று. ரெங்கம்மாவின் கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். ஷாஹ்மி த்ரீவீலைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் நிறுத்தினான்.

"ஏறுங்க. லயத்து வாசல்லயே விடுறேன்."

ரெங்கம்மா சீட்டைப் பார்த்தாள். பின்னால் இரண்டடி நகர்ந்தாள். "நான் வண்டியில ஏற மாட்டேன் நானா. நான் தொட்டா நின்னுரும். நடந்தே போறேன்."

ஸ்பிரிங்வெளிக்கு மலையேற்றம். நடந்தால் இருட்டிவிடும். அவள் நடக்கத் தொடங்கினாள். மருதவீரன் சோற்றுப் பொட்டலத்தை ஏந்தியபடி அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தான்.

ஜீவராணி த்ரீவீலில் ஏறி உட்கார்ந்தாள். ஷாஹ்மி இரண்டு பக்க சிக்னலையும் போட்டு, முதல் கியரிலேயே அவர்கள் பின்னால் மெல்லப் போனான்.